எழுத்துத் தவறிய தெனாரியஸ்: ஓர் உரோம வெள்ளிக் காசை அடையாளம் காண்பது

மட்டக்களப்பில் பழைய காசு என்றதும் கையில் வந்து விழுவது பெரும்பாலும் ஒல்லாந்தர் காலத்துச் செப்புக் காசுதான். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் வி, ஓ, சி என்ற மூன்று எழுத்தும் ஒன்றோடொன்று பின்னிய முத்திரை, மறுபக்கம் ஒரு கேடயம். அதற்கு அடுத்தபடியாக வருவன விக்டோரியா, ஏழாம் எட்வேர்ட், ஐந்தாம் ஜோர்ஜ் தலை போட்ட சிலோன் வெள்ளிச் சதங்கள். தேய்ந்துபோன ஜோர்ஜ் தலையை உரோமப் பேரரசர் என்று நம்பி எடுத்து வைத்திருப்பவர்கள் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் உண்டு, மேற்கே படுவான்கரையிலும் உண்டு. ஐம்பது சதம் என்றால் தராசு ஏறக்குறைய 5.8 கிராம் காட்டும், இருபத்தைந்து சதம் என்றால் அதில் பாதி. அதோடு பெரும்பாலான கேள்விகள் முடிந்துவிடும்.

உண்மையான உரோமக் காசுகள் இலங்கையில் கிடைக்காமல் இல்லை, ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. ஆனால் அவற்றில் மிகப் பெரும்பகுதி கி.பி. 4ஆம், 5ஆம் நூற்றாண்டுகளின் சிறிய செப்புக் காசுகள். விரல் நகத்தளவுதான் இருக்கும். சிகிரியாவில் தொல்லியலாளர் எச்.சி.பி. பெல் அகழ்ந்தபோது கிடைத்தவையும் அந்த வகைதான். அவற்றைப் பார்த்து இங்கேயே அடித்த போலச்செய்த காசுகள் மாத்தறைக்கு அருகே நைமனையில் குவியலாகக் கிடைத்தன. முதலாம் நூற்றாண்டின் உரோம வெள்ளி என்பது வேறு கதை. தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் பானை பானையாக வெளிவந்த அது, இந்தத் தீவில் அரிது. ஆகவே கிழக்கில் ஒருவர் கையில் அப்படி ஒன்று இருக்கிறது என்றால், ஆசையையும் சந்தேகத்தையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு, காசையே பேசவிட வேண்டும்.

களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் ஒரு வீட்டில் பார்த்த காசை வைத்தே இதைச் சொல்கிறேன். கொட்டப்பெட்டிக்குள் ஒல்லாந்தர் காசுகளோடு ஒன்றாகக் கிடந்தது. தலைமாட்டில் ஒரு துளை. எப்போதோ யாரோ கயிற்றில் கோத்து அணிந்திருக்கிறார்கள். “இது வெள்ளைக்கார ராசாட காசு மனே, எங்கட அம்மம்மா இடுப்பில கட்டியிருந்தது” என்றார் அந்த வீட்டு மூத்த அம்மா. மண்ணிலிருந்து எடுத்ததா, யாரிடமிருந்தாவது வாங்கியதா என்பது அவருக்குத் தெரியாது. கருமை படிந்த வெள்ளி. விட்டம் 18 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். ஒரு பக்கம் வலப்புறம் பார்க்கும் ஓர் ஆண் தலை, தலையில் இலைமாலை, சுற்றிலும் எழுத்துகள். மறுபக்கம் இரண்டு பேர் நிற்கிறார்கள்.

முதல் வேலை நிறுப்பது. இதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. நகைக்கடைப் பத்தரின் மேசையில் இருக்கும் டிஜிட்டல் தராசு போதும், கிராமில் நூறில் ஒரு பங்குவரை காட்டும். இந்தக் காசு 3.62 கிராம் காட்டியது. தெனாரியஸ் என்ற உரோம வெள்ளிக் காசு கி.மு. 211 அளவில் பிறந்தபோது நாலரைக் கிராம் இருந்தது. சில பத்தாண்டுகளுக்குள் ஒரு உரோம இறாத்தலுக்கு 84 காசு என்ற கணக்குக்கு இறங்கி, 3.9 கிராம் அளவில் நீண்ட காலம் நின்றது. கி.பி. 64இல் நீரோ பேரரசர் அதை 96 காசாக்கினார், எடை 3.4 கிராமுக்கு வந்தது. ஆகவே தேய்மானமும் துளையும் கழிந்து 3.62 நிற்கிறது என்றால், நீரோவுக்கு முந்திய காசாக இருக்க இடம் உண்டு. ஆனால் எடை ஒன்றே போதாது. நம் நாட்டுப் பழைய முத்திரை குத்திய வெள்ளிக் காசுகளும், கஹாபண என்று சொல்லப்படுபவை, ஏறக்குறைய 3.3 கிராம் அளவுக்கு வெட்டப்பட்டவை. அவை வெள்ளித் தகட்டை நறுக்கி எடுத்தவை, தலையோ எழுத்தோ இருக்காது, பார்த்த உடனே வேறுபாடு தெரியும்.

அடுத்தது உருவம். நிற்கும் இருவருக்கும் நடுவே வட்டமான இரண்டு கேடயங்கள், அவற்றின் பின்னால் குறுக்கிட்ட ஈட்டிகள், மேலே நடுவில் இரண்டு சிறு பொருள்கள். உரோமக் காசு பழகிய யாருக்கும் இதைப் பார்த்ததும் ஒரு பெயர் வந்துவிடும்: காயஸ், லூசியஸ். அகஸ்டஸ் பேரரசர் தம் மகள் வயிற்றுப் பேரன்மார் இருவரையும் மகன்களாகத் தத்தெடுத்தார். அவர்களைத் தமக்குப் பின் வரப்போகும் வாரிசுகளாக உலகுக்குக் காட்ட, இன்றைய பிரான்ஸின் லியோன் நகரில் இருந்த லுக்தூனும் என்ற நாணயச்சாலையில் இந்தக் காசை அடித்தார். நல்ல பிரதியில் மேலே இருக்கும் இரண்டு பொருள்களும் தெளிவாகத் தெரியும்: ஒன்று பூசைக்கு மது வார்க்கும் நீண்ட காம்புக் கரண்டி, மற்றது குறி பார்க்கும் பூசாரி பிடிக்கும் தலை சுருண்ட கோல். இருவரும் வகித்த சமயப் பதவிகளின் அடையாளங்கள் இவை.

தலைப்பக்கத்து எழுத்து காலத்தைத் தரும். நல்ல பிரதியில் அது சுற்றிவர இப்படி ஓடும்: சீசர் அகஸ்டஸ், தெய்வமாக்கப்பட்டவரின் மகன், தாயகத்தின் தந்தை. ‘தாயகத்தின் தந்தை’ என்ற பட்டம் அகஸ்டஸுக்குக் கி.மு. 2இல்தான் கொடுக்கப்பட்டது. அதற்கு முன் இந்தக் காசு இருக்க முடியாது. பின்பக்கம் இருக்கும் பையன்களில் லூசியஸ் கி.பி. 2இலும் காயஸ் கி.பி. 4இலும் இறந்துபோனார்கள். வாரிசுகள் இருவரும் போன பின்னும் இந்த அச்சு சில காலம் தொடர்ந்தது என்று கருதும் அறிஞர்களும் உண்டு. எப்படியிருந்தாலும் இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய ஓர் அரச குடும்பத்தின் ஆசையும் துக்கமும் ஒரு விரலகல வெள்ளியில் இருக்கிறது. உரோமப் பேரரசுக் காசுகளின் பெரும் பட்டியலின் முதல் தொகுதியில் இது அகஸ்டஸ் 207 என்ற இலக்கத்தில் இருக்கிறது. அமெரிக்க நாணயவியல் கழகம் அந்தப் பட்டியலை இணையத்தில் படங்களோடு இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. தமிழில் தேடினால் வராது, ஆனால் தலை எந்தப் பக்கம் பார்க்கிறது, பின்னால் என்ன உருவம் என்று கொடுத்துத் தேடினால் ஆங்கிலம் அதிகம் தெரியாதவரும் படத்தைப் பார்த்தே பொருத்திவிடலாம்.

பொருத்திப் பார்க்கும்போதுதான் இந்தக் காசின் சங்கடம் வெளிப்பட்டது.

லென்ஸ் வைத்து எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தாளில் வரைந்தோம். இதை யாரும் செய்யலாம், செய்யவும் வேண்டும். ஊகித்து வாசிக்காமல், கண்ணுக்குத் தெரியும் கோட்டை மட்டும் வரைய வேண்டும். தொடக்கத்தில் சி, ஏ ஓரளவுக்குச் சரி. அதற்குப் பிறகு நேர்கோடுகள், ஒரு வட்டம், மறுபடி நேர்கோடுகள். எஸ் கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பியிருக்கிறது. வி வரவேண்டிய ஓரிடத்தில் அது தலைகீழாக நிற்கிறது. பின்பக்கம் அந்தப் பிள்ளைகளின் மேலாடை மடிப்புகள் வெறும் சாய்ந்த கோடுகளாகிவிட்டன. மேலே இருக்கும் கரண்டி ஒரு வளையமாகவும் கோல் ஒரு கொக்கியாகவும் மாறியிருக்கின்றன. தேய்மானத்தால் எழுத்து மங்கும், உடையும். ஆனால் தேய்மானம் எஸ் எழுத்தைத் திருப்பிப் போடாது. அச்சைச் செதுக்கியவருக்கு இலத்தீன் எழுத்துத் தெரியாது.

இந்த இடத்தில் பலரும் ‘போலி’ என்று சொல்லிக் காசை மேசையில் போட்டுவிடுவார்கள். அந்த அவசரம் எனக்குப் பெரும் கவலை. எழுத்துத் தவறிய காசு மூன்று வகையாக இருக்கலாம், மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை.

முதலாவது, இக்காலத்து நகல். பழைய இடங்களில் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்பதற்காக அச்சுக்குழியில் உருக்கி ஊற்றியவை. விளிம்பைச் சுற்றி இரண்டு பாதியும் சேர்ந்த தடம் தெரியும், அரத்தால் அதை மழித்திருந்தால் அரத்தின் கீறல் தெரியும். பரப்பில் ஊசிமுனைக் குமிழ்கள் இருக்கும். எழுத்தின் ஓரங்கள் மழமழவென்று இருக்கும். நம் காசின் விளிம்பில் சிறு வெடிப்புகள் இரண்டு. சூடான வெள்ளி வில்லையைச் சம்மட்டியால் அடிக்கும்போது விளிம்பு பிளக்கும் வெடிப்பு அது. எழுத்துகளின் அடியிலிருந்து விளிம்பை நோக்கி உலோகம் ஓடிய மெல்லிய கோடுகளும் உண்டு. வார்த்த காசில் இது வராது. அச்சால் அடித்த நவீன நகல்களும் சந்தையில் இருக்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் அவற்றைச் செய்பவர்கள் நல்ல விலைக்கு விற்க நல்ல எழுத்தையே செதுக்குவார்கள். எழுத்தைக் குழப்பிவைக்க அவர்களுக்கு ஒரு தேவையும் இல்லை.

இரண்டாவது, அக்காலத்து மோசடி. செப்பு வில்லையை மெல்லிய வெள்ளித் தகட்டால் போர்த்தி, சூடாக்கி, அச்சில் அடித்த காசுகள் உரோமில் தாராளமாக உலாவின. தேயும் இடத்தில் சிவப்பு எட்டிப் பார்க்கும், பச்சைப் பூஞ்சணம் போலக் களிம்பு கிளம்பும். இதற்குத் துளை நமக்கு உதவியது. துளையின் உட்சுவரில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் உள்வயிறு தெரியும். அங்கேயும் வெள்ளிதான். இன்னும் உறுதிக்கு, காசை நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தோம். துளைக்குள் காற்றுக் குமிழ் நிற்காமல் ஆட்டிவிட வேண்டும். எடை 0.35 கிராம் குறைந்தது. 3.62ஐ 0.35ஆல் வகுத்தால் 10.3. தூய வெள்ளியின் அடர்த்தி 10.49, செம்பினது 8.96. சிறிய காசில் தராசு நூறில் ஒரு பங்கு தவறினாலே விடை 10க்கும் 10.7க்கும் இடையில் அசையும். இருந்தாலும் செப்பு வயிறு உள்ள காசு இவ்வளவு உயரத்துக்கு வராது. இதே சோதனையை நகைக்கடைகளில் இருக்கும் எக்ஸ்ரே கருவி கொண்டும் செய்யலாம், ஆனால் அது மேற்பரப்பை மட்டும் படிக்கும். போர்த்திய காசில் அந்தக் கருவி ஏமாந்துபோகும், தண்ணீர் ஏமாறாது.

மூன்றாவது வகைதான் இந்தக் கட்டுரையின் காரணம். தென்னிந்தியாவில் அக்காலத்திலேயே உரோமத் தெனாரியஸைப் பார்த்து நல்ல வெள்ளியில் அடித்த காசுகள். போலச்செய்தவர்களுக்குப் பெரிதும் பிடித்த மாதிரிகளில் முன்னால் நிற்பது இந்தக் காயஸ், லூசியஸ் காசு. மற்றொன்று திபேரியஸ் பேரரசரின் காசு: பின்பக்கம் ஒரு பெண் கோலும் கிளையும் பிடித்து ஆசனத்தில் இருப்பார். இராயனுடையதை இராயனுக்குக் கொடுங்கள் என்ற நற்செய்திக் கதையில் வரும் காசு அதுதான் என்று சேகரிப்போர் காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். இந்தியாவில் கிடைத்த உரோம வெள்ளியில் பெரும்பங்கு இந்த இரண்டு வகைதான். அவை அடித்த நகரங்களைவிடக் கோயம்புத்தூர், கரூர்ப் பக்கத்து மண்ணுக்கு அவை அதிகம் பழக்கம் என்று சொன்னாலும் தகும்.

ஏன் இந்த இரண்டும்? வியாபாரிக்கு வெள்ளியின் தரம் தெரிந்திருந்தது. அகஸ்டஸ், திபேரியஸ் காசுகள் ஏறக்குறையக் கலப்பில்லாத வெள்ளி. நீரோ எடையையும் குறைத்தார், செம்பையும் கலந்தார். கி.பி. 2ஆம் நூற்றாண்டின் இறுதியில் செப்டிமியஸ் செவெரஸ் பேரரசர் காலத்துக்கு வரும்போது காசில் பாதியளவுதான் வெள்ளி. மிளகுக்கும் முத்துக்கும் விலை வாங்கியவர்கள் பழைய தலையைக் கேட்டு வாங்கினார்கள். தெரிந்த முகத்துக்கு மதிப்பு இருந்தபடியால், காசு போதாத இடத்தில் அதே முகத்தைத் தாங்களே அடித்தார்கள். எழுத்து அவர்களுக்கு ஓர் அலங்காரம். வெள்ளியில் குறை வைக்கவில்லை. அதனால்தான் இதை மோசடி என்று சொல்ல எனக்கு மனமில்லை.

இந்தத் தீவும் அந்தக் கதையில் இருக்கிறது. உரோம எழுத்தாளர் மூத்த பிளினி தம் ‘இயற்கை வரலாறு’ என்ற நூல்தொகுதியின் 6ஆம் நூலில் ஒரு சம்பவம் சொல்கிறார். செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்த அன்னியஸ் புளோகாமஸ் என்பவரின் விடுதலை பெற்ற அடிமை ஒருவர் அரேபியாவைச் சுற்றிப் போகும்போது வடகாற்றில் அடிபட்டு, 15ஆம் நாள் தப்ரபனே என்ற இந்தத் தீவின் ஒரு துறையில் கரை சேர்ந்தார். கிளாடியஸ் பேரரசர் காலம். அரசன் அவரை ஆறு மாதம் வைத்து உபசரித்தான். அவரிடமிருந்து எடுத்த காசுகளைப் பார்த்தபோது அரசனை வியக்கவைத்தது ஒன்று: தலைகள் வேறு வேறு, ஆகவே பல பேர் ஆட்சியில் அடித்தவை, ஆனாலும் எல்லாத் தெனாரியஸும் ஒரே எடை. இதைப் பார்த்தே உரோமரின் நேர்மையை மதித்துத் தூது அனுப்பினான் என்கிறார் பிளினி. புளோகாமஸ் குடும்பம் கற்பனையில்லை. அவருடைய அடிமை ஒருவர் கி.பி. 6இல் எகிப்தின் கிழக்குப் பாலைவனத்துப் பாறை ஒன்றில் பெயர் பொறித்திருக்கிறார். உரோமரைப் புகழச் சொன்ன கதை என்று அறிஞர்கள் இதில் சிலவற்றைத் தள்ளலாம். எனக்கு முக்கியம், காசை நிறுத்துப் பார்க்கும் ஒரு கண் அதில் இருப்பது. ஓர் அரசன் கையில் வெள்ளிக் காசை எடுத்ததும் எடையைக் கேட்டான் என்பதை, வெட்டு வெள்ளியை நிறுத்தே பழகிய இந்தத் தீவுக்காரர் நம்புவதில் தடையில்லை.

களுவாஞ்சிக்குடிக் காசில் தலையின் கன்னத்தில் ஒரு சிறு குத்து இருக்கிறது, பிறை வடிவம் போல. அது கைதவறிய காயமாகவும் இருக்கலாம். ஆனால் தென்னிந்தியக் கண்டெடுப்புகளில் இப்படிக் குத்திய தெனாரியஸ் உண்டு. தங்கக் காசுகளில் இன்னும் ஆழமாக, பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டியிருப்பார்கள். புதுக்கோட்டையில் 1898இல் கிடைத்த 501 தங்கக் காசுகளில் மிகப் பெரும்பாலானவை அப்படி வெட்டுப்பட்டவை. ஆகவே வெட்டோ குத்தோ இருந்தால் அதைப் பழுது என்று கழிக்காமல் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

விசித்திரமான தெனாரியஸ் எல்லாம் போலச்செய்தவையும் இல்லை. ஒரு பக்கம் தலை புடைத்தும் மறுபக்கம் அதே தலை குழிந்து இடம்வலம் மாறியும் இருந்தால், முன் அடித்த காசு அச்சில் ஒட்டிக்கொண்டிருக்க அடுத்த வில்லையை வைத்து அடித்துவிட்டார்கள். விளிம்பு முழுக்க அரம் போலப் பல் வெட்டியிருந்தால் அது குடியரசுக் காலத்து ஒரு வழக்கம், யாரும் பின்னால் சேதப்படுத்தியதில்லை. ஒரு பக்கம் துடுப்புக் கப்பலும் மறுபக்கம் இரண்டு கொடிக்கம்பங்களுக்கு நடுவே கழுகும் வந்தால், கி.மு. 32, 31இல் உரோமத் தளபதி மார்க் அன்ரனி தம் படைகளுக்குக் கூலி கொடுக்க அடித்தது. வெள்ளி மட்டம், அதனாலேயே யாரும் பதுக்கி வைக்காமல் நெடுங்காலம் புழங்கித் தேய்ந்தது. தலையில் சூரியக் கதிர் போலக் கூர்முடி இருந்து காசு சற்றுப் பெரிதாக இருந்தால் அது தெனாரியஸே இல்லை, கி.பி. 215இல் கரகல்லா பேரரசர் கொண்டுவந்த வேறு காசு.

இனி, இது எப்படி இங்கே வந்தது? அம்பாறையின் ராஜகலக் குன்றில் கிறிஸ்துவுக்கு முந்திய பிராமி எழுத்துகள் இருக்கின்றன. தீகவாபியும் அதே பழமை சொல்லும் இடம். லுக்தூனும் நாணயச்சாலையில் சம்மட்டி விழுந்துகொண்டிருந்த நாள்களில் இந்தக் கரையில் குடியும் பயிரும் இருந்தது என்பதில் ஐயமில்லை. அதனால் ஒரு தெனாரியஸோ அதன் தென்னிந்திய வடிவமோ அன்றே இங்கு வந்திருக்க முடியும். ஆனால் கொட்டப்பெட்டியில் கிடந்த காசு அதற்குச் சாட்சி ஆகாது. நூறு ஆண்டுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு வியாபாரியின் மடியில் அது வந்திருக்கலாம். இடம் தெரியாத காசு தன்னைப் பற்றி மட்டும்தான் பேசும். அதே காசு ஒரு கிணறு வெட்டும்போது இன்ன அடி ஆழத்தில், இன்ன ஓட்டுத் துண்டுகளோடு வந்தது என்று தெரிந்திருந்தால் கிழக்கின் வரலாற்றில் ஒரு வரி கூடியிருக்கும். வயலிலோ வாவிக்கரையிலோ ஏதாவது தட்டுப்பட்டால் காசை எடுக்குமுன் இடத்தைப் படம் எடுங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2க்கு முந்தியதாகக் கருதப்படும் பொருள் தொல்பொருள். மண்ணிலிருந்து புதிதாக வெளிவருவது அரசுக்குரியது, கண்டவர் அறிவிக்க வேண்டும். அனுமதியில்லாமல் நாட்டைவிட்டுக் கொண்டுபோகவும் முடியாது. காசு கிடைத்தது என்று சொன்னால் காணி போய்விடுமோ என்ற பயம் நம் ஊர்களில் இருக்கிறது, அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அதனால்தான் தனியே போகாமல், எழுத்தில் அறிவித்து, ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. வரலாறு படிப்பிக்கும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது நல்லது.

காசைக் கழுவும் ஆசைதான் எல்லாவற்றிலும் மோசம். புளி, சாம்பல், பற்பசை, பத்தரின் அமிலம் எதுவுமே வேண்டாம். இரண்டாயிரம் ஆண்டு வெள்ளி உள்ளுக்குள் நொறுங்கிப்போயிருக்கலாம், தேய்த்தால் விரிசல் திறக்கும். உப்புநீரில் கிடந்த வெள்ளியின் மேல் படிந்த சாம்பல் நிறப் படலத்தைச் சுரண்டினால் அதில் ஒட்டியிருக்கும் எழுத்தும் சேர்ந்து போகும். மண் இருந்தால் காய்ச்சி வடித்த நீரில் சற்று வைத்து, மெல்லிய துணியில் ஒற்றி எடுங்கள். மினுங்கும் பிளாஸ்ரிக் உறைக்குள் போடாமல் காகித உறையில் வையுங்கள். சில பிளாஸ்ரிக் வகைகள் நாளடைவில் கக்கும் பசை காசை அரிக்கும்.

களுவாஞ்சிக்குடிக் காசின் படங்களை இப்போது நல்ல வெளிச்சத்தில் எடுத்து வைத்திருக்கிறோம். ஒளி ஒரு பக்கத்திலிருந்து தாழ்வாக விழ, பக்கத்தில் ஒரு அளவுகோல், இரண்டு பக்கமும், விளிம்பும். அடுத்த வேலை அச்சுத் தேடுவது. ஒவ்வோர் அச்சும் கையால் செதுக்கியது, அதன் பிழைகளும் அதற்கே உரியவை. திரும்பிய எஸ், அதற்கு அடுத்த வட்டம், கொக்கியான கோல், இந்த மூன்றும் இதே இடங்களில், இதே இடைவெளியில் இன்னொரு காசில் வந்தால் இரண்டும் ஒரே அச்சில் அடித்தவை. தென்னிந்தியப் புதையல்களில் கிடைத்த இப்படிப்பட்ட காசுகளின் படங்கள் அருங்காட்சியகப் பட்டியல்களில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று பொருந்தினால், இந்தக் காசு எந்தப் பட்டறைக் கூட்டத்தைச் சேர்ந்தது என்பதை மண் சொல்லாவிட்டாலும் அந்தப் பிழைகள் சொல்லிவிடும்.